வள்ளிமயில் கடை வரைக்கும்

இங்கிட்டு உக்காரு தாயி, இடம் இருக்கு. பைய மடியில வச்சுக்க, கீழ வைக்காத. இங்க யாரையும் நம்ப முடியாது. நேத்து ஒரு அம்மாவுக்குப் புதுச் செருப்பு போயிருச்சு. வாசல்ல காவலுக்கு நிக்கிறாரே, அவரு மேல எனக்கு ஒரு கண்ணு இருக்கு. வெளிய சொல்லல, அம்புட்டுத்தான்.

உனக்கு உள்ள யாரு? அப்பாவா? நெஞ்சு வலியா? ம். ஒண்ணும் ஆகாது தாயி. எனக்கு எங்க வீட்டுக்காரரு. நேத்து விடிகாலையில கொண்டாந்தது. குழாய விட்டு நெஞ்சுல இருந்த அடைப்ப எடுத்திருக்காகளாம். மயக்கத்துலதான் வச்சிருக்காக. முழிச்சாத்தான் எதையும் சொல்ல முடியும்னு டாக்டரம்மா சொல்லிருச்சு. முழிச்சதும் கூப்புடுறேன்னு நர்சம்மா சொல்லிருக்கு. அதுக்குத்தான் இந்தக் கதவையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்.

அந்தப் பக்கம் பாக்காத. பெஞ்சுக் கோடியில பிளாஸ்க்க வச்சுக்கிட்டு உக்காந்திருக்காள்ல, மாம்பழக் கலரு சீல. உன்னையப் பாத்துச் சிரிச்சா நீ சிரிக்காத. அவ பேரு வள்ளிமயிலு. எங்க தெருவுக்கு அடுத்த ரோட்டுல இட்லி மாவு ஆட்டி விக்கிறவ. எங்களுக்குச் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. நேத்துல இருந்து இங்கயேதான் இருக்கா. காப்பி வாங்கியாந்து "குடிங்கக்கா"ன்னு நீட்டுறா. நான் வாங்கல. யாருக்காக இருக்கா? எனக்காகவா? நீயே சொல்லு.

இரு, மொதல்ல இருந்து சொல்றேன். நீ நாயமான ஆளாத் தெரியுற.

என்னைய ஊருக்குள்ள சந்தேகக்காரின்னு சொல்லுவாக. அதெல்லாம் இல்ல. கண்ணத் தொறந்து வச்சிருக்கேன், அம்புட்டுத்தான். பாலுல தண்ணி கலக்குறான்னு எங்க தெருவுல மொதல்ல கண்டுபிடிச்சது யாரு? நான்தான். எங்க மகன் திருப்பூருல ஒரு பிள்ளைய விரும்புறான்னு அவன் வாயத் தொறக்குமுன்ன சொன்னது யாரு? லீவுக்கு வந்தவன் வகிட்ட மாத்தி எடுத்திருந்தான். பாத்த ஒடனே, "டே, பிள்ளை யாருடா?"ன்னேன். அதே பிள்ளையத்தான் கட்டியும் வச்சோம். நான் சந்தேகப்பட்டுத் தப்பாப் போனதே கெடையாது தாயி. இந்த ஒண்ணுதான்... இதுலயும் இன்னும் முடிவு தெரியல, இரு.

எங்க வீட்டுக்காரரு பஞ்சு மில்லுல வேல பாத்து ஓய்வானவரு. மேலூருல அவரு பேரச் சொன்னாப் பாதிப் பேருக்குத் தெரியாது, குருசாமின்னாத்தான் தெரியும். தைப்பூசத்துக்கு எங்க ஏரியாவுல இருந்து பழனிக்கு நடந்து போற கூட்டத்துக்கு இவருதான் தலைவரு. மார்கழி பொறந்ததும் மாலை போட்டுருவாரு. அதுல இருந்து பச்ச வேட்டி, வெறுங்காலு, பாயில படுக்க. பீடியும் கெடையாது, பொண்டாட்டியும் கெடையாது. தெனமும் விடிய முன்ன எந்திரிச்சுக் கம்மாக்கரை வரைக்கும் நடந்துட்டு வருவாரு. காலைப் பழக்கணுமாம். இவரு முன்னாடி நடந்தா வாலிபப் பயலுகளே பின்னாடி ஓடித்தான் வரணும். அப்படி ஒரு நடை.

ஒரு சங்கதி சொல்லிக்கிறேன், அத ஞாபகத்துல வையி. நடந்து போற கூட்டத்தோட ஒரு டெம்போவும் போகும். அரிசி, பாத்திரம், அடுப்பு எல்லாம் அதுல. போன வருசத்துக்கு முந்தின வருசம் எங்க கொழுந்தன் முறையில ஒருத்தரு, மூட்டுவலின்னு நத்தத்தத் தாண்டினதும் டெம்போவுல ஏறிட்டாரு. இவரு சும்மா இருக்கலாம்ல? "வாய்யா டெம்போ சாமி"ன்னு ஒரு வார்த்தை விட்டாரு. அம்புட்டுத்தான், அந்த மனுசனுக்கு அதுவே பேராப் போச்சு. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவுககூட "டெம்போ சாமி வீடு எது?"ன்னுதான் கேக்குறாக. இவருக்கு அதுல ஒரு பெருமை.

சரி. இந்த மார்கழியில என்ன ஆச்சுன்னா, எதுத்த வீட்டு சகுந்தலா கோலம் போட்டுக்கிட்டே கேட்டா. "ஏங்க்கா, சாமி தெனம் வள்ளிமயில் கடை முன்னாடி நிக்கிறாரே, மாவு வாங்கவா?" எங்க வீட்டுல கிரைண்டரு இருக்கு தாயி. எனக்கு எதுக்கு அவ மாவு?

அவளுக்குப் புருசன் இல்ல. செத்துப் போயி ரெண்டு மூணு வருசம் இருக்கும். பேரு வேற வள்ளிமயிலு. முருகனுக்கு மாலை போட்ட ஆளு, போயி நிக்கிற இடத்தப் பாரு! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா ஒடனே கேக்கல. கேட்டா உஷாராயிருவாக. நோட்டம் பாக்க ஆரம்பிச்சேன்.

பாக்கப் பாக்கத்தான் தெரியுது. மாலை போட்டவரு பாயில படுக்கணுமா இல்லையா? இவரு எப்பவோ கட்டிலுக்கு மாறியிருக்காரு. அதுலயும் ஒரு காலத் தூக்கி மேல வைக்கிறது, ஒரு காலக் கீழ தொங்கப் போட்டுக்கிறது. நான் அடுப்படி வாசல்ல படுத்துக்கிட்டு ஓரக்கண்ணால பாக்குறேன். படுத்திருக்கிற மனுசனா அது? கெளம்பத் தயாரா இருக்கிற மனுசன்! "என்னங்க, பாயி குத்துதா?"ன்னேன். "தரை குளிருது"ன்னாரு. இத்தன வருசமாக் குளிராத தரை.

அப்பறம் காலு. முன்னெல்லாம் "ரெத்துனம், செத்த காலப் பிடிச்சு விடு"ன்னு நீட்டுவாரு. மாலை போட்டிருந்தாலும் காலுக்குத் தைலம் தேய்க்கிறது தப்பில்லன்னு அவரே ஒரு சட்டம் வச்சிருந்தாரு. இந்த வருசம் நானாத் தைலத்த எடுத்துட்டுப் போனாலும் காலை இழுத்துக்கிறாரு. தொட விடல. எனக்கு என்ன தோணும்? வேற யாரோ பிடிச்சு விடுறாகன்னுதானே தோணும்?

ஒரு நாள் குளிச்சிட்டு வரும்போது பாத்துட்டேன். மொழங்காலுக்குக் கீழ ஒரு முடி இல்ல. மழமழன்னு மினுங்குது. அவரு காலு கரடிக் காலு தாயி, கல்யாணத்தன்னைக்குப் பாத்துட்டு எங்க அக்காமாரெல்லாம் சிரிச்சாக. அந்தக் காலுல முடி எங்க போச்சு? டீவியில போடுறானே ஒரு களிம்பு, அத வாங்கித் தேய்க்கிறாருன்னே நெனச்சேன். அறுவது தாண்டின கெழவன், பேரன் எடுத்த மனுசன், யாருக்கு இந்தச் சிங்காரம்? பீரோவுக்குப் பின்னாடி, பூசை மாடத்துக்குக் கீழ, எல்லா இடமும் தேடிட்டேன். களிம்பு கெடைக்கல. அவ கடையிலதான் வச்சிருக்காருன்னு முடிவு பண்ணிட்டேன்.

கட்டவெரல்ல ஒரு புண்ணு வேற. வெறுங்காலோட நடக்குறாரு, கல்லு குத்தியிருக்கும்னு மஞ்சளக் கொழச்சுப் போட்டேன். ஆறவே இல்ல. "எங்கிட்டு இடிச்சீக?"ன்னாத் தெரியலங்குறாரு. எங்க இடிச்சோம்னு சொல்ல முடியாத இடத்துலதான் இடிச்சிருக்காரு. இல்லையா பின்ன?

என்ன தாயி அப்படிப் பாக்குற? நீயா இருந்தா என்ன நெனச்சிருப்ப?

கடைசியா ஒரு நாள் அவரு கெளம்பின பின்னாடியே முக்காட்டப் போட்டுக்கிட்டு நானும் கெளம்பிட்டேன். பனி, ஆளு தெரியாது. எங்க தெருவத் தாண்டினா வளைவு. வளைவுல இருந்து மில்லுச் சுவரு ஓரமா நீட்டு ரோடு. அந்த ரோட்டு நடுவுலதான் அவ கடை. அங்க நின்னா இந்தக் கோடியும் தெரியும், அந்தக் கோடியும் தெரியும். ஒரு லாரி நின்னுச்சு, அதுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன்.

நல்லாத்தான் நடந்து போனாரு. கடை கிட்ட வர வர நடை தளருது. கடைக்கு நேரா வந்ததும் நின்னுட்டாரு. அவ உள்ள கிரைண்டரப் போட்டிருந்தா. வெளிய எட்டிப் பாத்தா. பாத்துட்டு, இது அதுன்னு ஒரு பேச்சும் இல்ல, ஒரு ஸ்டூல எடுத்து வெளிய வச்சுட்டு உள்ள போயிட்டா. நீ கவனி. கேக்காமலே ஸ்டூலு. தெனம் நடக்குற விசயம்னாத்தானே கேக்காம ஸ்டூலு வரும்?

இவரு உக்காந்தாரு. உக்காந்து வேட்டிய மடிச்சுக் கெண்டக்கால ஒரு கையால தேய்க்கிறாரு. அவ உள்ள இருந்து பாத்துக்கிட்டே இருக்கா. எனக்குன்னா ஒடம்பெல்லாம் எரியுது. பொண்டாட்டி தொட்டா இழுத்துக்கிற காலு, அங்க போயி கடை விரிச்சு வச்சிருக்கு! கொஞ்ச நேரந்தான். எந்திரிச்சாரு. எந்திரிச்சு நடந்தாரு பாரு, பழைய நடை! பதினெட்டு வயசுப் பையன் மாதிரி வீசி வீசி நடக்குறாரு. கடைக்கு வரும்போது கெழவன், கடைய விட்டுப் போகும்போது குமரன். இதுக்கு மேலயும் சாட்சி வேணுமா?

அதுக்கப்பறம் வாய்க்கா பாலத்துல நின்னாரு. அது காத்து வாங்க. பிள்ளையார் கோயில்ல நின்னாரு. அது சாமி கும்புட. அதையெல்லாம் நான் குத்தமாச் சொல்லல. நாயமா இருக்கணும்ல?

வீட்டுக்கு வந்ததும் கதவச் சாத்திட்டேன். "அவ கடையில என்ன வேல?"ன்னேன். மொதல்ல சிரிச்சாரு. சிரிப்பு வருதான்னு நான் ஒரு பாட்டம் அழுதேன். அழுகைய நிறுத்திட்டு முருகன் படத்துக்கு முன்னாடி சூடத்த ஏத்திட்டேன். "சத்தியம் பண்ணுங்க. இனிமே அவ கடை கண்ணுக்குத் தெரியுற தூரத்துல நிக்கவே மாட்டேன்னு அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. மாலை போட்டிருக்கீக, பொய்ச் சத்தியம் பண்ணா முருகன் பாத்துக்குவான்"னேன்.

அவரு மொகம் மாறிருச்சு. "ரெத்துனம், நான் ஒண்ணு சொல்றேன், கேளு"ன்னாரு.

"கதையெல்லாம் வேண்டாம்."

"நான் வேணா வேற ரோட்டுல போயிக்கிறேன்."

"வேற ரோட்டுல போனா நான் எப்புடிப் பாக்குறது? இதே ரோட்டுலதான் போகணும். நிக்காமப் போகணும்."

சூடத்துக்கு முன்னாடி வந்து நின்னாரு. "நிக்காமப் போனாப் போதுமா உனக்கு?"ன்னாரு. போதும்னேன். எரியுற சூடத்தக் கையால அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டாரு. கையில கரி. கழுவக்கூட இல்ல, அப்படியே போயி கட்டில்ல உக்காந்துட்டாரு. எனக்கு அன்னைக்குத்தான் நல்லாத் தூக்கம் வந்துச்சு.

மறுநாளும் பின்னாடி போனேன். சத்தியம் பண்ணாலும் பாக்கணும்ல. வளைவுலயே கொஞ்சம் நின்னு மூச்சு வாங்கிட்டு நடந்தாரு. கடை வந்துச்சு. நிக்கல! அவ வெளிய வந்து ஸ்டூலப் போட்டா. இவரு திரும்பிக்கூடப் பாக்கல. பல்லக் கடிச்சுக்கிட்டு, ஒரு கால இழுத்து இழுத்துப் போறாரு. அவ ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறா. எனக்கு மனசு குளுந்துச்சு தாயி. பொய் சொல்ல மாட்டேன்.

அப்படியே நாலஞ்சு நாளு. மார்கழிப் பனியில சட்டை இல்லாத ஒடம்பு வேர்த்துக் கொட்டும். வீட்டுக்கு வந்து, பேச முடியாம மேல் மூச்சு வாங்குவாரு. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குதுன்னு நெனச்சேன். ஒரு நாள் எடது தோள்பட்டைய அமுக்கிக்கிட்டாரு. "இருமுடி சொமக்கிற மாதிரி பாவனையா?"ன்னு கேலிகூடப் பண்ணேன். பழனிக்கு ஏது இருமுடி? அவரு அதைக்கூடத் திருத்தல. எதையும் திருத்தாம விடுற மனுசன் இல்ல அவரு. அப்ப எனக்கு ஒறைக்கல.

நேத்து வரைக்கும் வந்துட்டேன். தண்ணி இருக்கா? குடு.

நேத்து லாரி இல்ல. மறைய எடம் இல்லாம நான் பின்னாடியே போறேன். கடைக்குக் கொஞ்சம் முன்னாடி அவரு திரும்பிப் பாத்தாரு. என்னையப் பாத்துட்டாரு. கோவிப்பாருன்னு நெனச்சேன், கோவிக்கல. ஒரு கைய மில்லுச் சுவத்துல ஊனிக்கிட்டு, "ரெத்துனம், கொஞ்சம் நின்னுக்கவா?"ன்னாரு.

சின்னப் பிள்ளை வாத்தியாருகிட்ட கேக்குற மாதிரி கேட்டாரு.

நான் என்ன சொல்றது? கடை அந்தாத் தெரியுது. அவ வாசல்ல நிக்கிறா. அவ பாக்க இவரு எங்கிட்ட கெஞ்சுறாரு. "இங்கதானே நிக்கக் கூடாதுன்னு சத்தியம்? நடங்க"ன்னேன்.

நடந்தாரு.

கடையத் தாண்டினாரு. டிரான்ஸ்பாரம் கிட்ட போயி, வேட்டியச் சரி பண்றவரு மாதிரி குனிஞ்சாரு. குனிஞ்சவரு எந்திரிக்கல, அப்படியே சரிஞ்சுட்டாரு.

எனக்கு முந்தி அவதான் ஓடுனா. மாவுக் கையோட ஓடி அவரு தலைய மடியில தூக்கி வச்சா. நான் என்ன கத்துனேன் தெரியுமா? "அவரத் தொடாதடி"ன்னேன். நடு ரோட்டுல. புருசன் விழுந்து கெடக்கான், எனக்கு வாயில அதுதான் வந்துச்சு. அவ என் மொகத்தையே பாக்கல. "பேசாம வந்து காலத் தூக்குங்கக்கா"ன்னா. பால் வண்டி ஒண்ணு வந்துச்சு, குறுக்க விழுந்து மறிச்சா. கேனை எல்லாம் எறக்கி ரோட்டுல வச்சுட்டு ஏத்திட்டு வந்தோம். வழி பூராம் அவ மடியிலதான் தலை. நான் காலப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். அந்தக் காலு ஐஸு மாதிரி இருந்துச்சு தாயி. அவரு ஒடம்புச் சூடு எங்க, அந்தக் காலு எங்க. அம்புட்டுக் குளிரு. அது நேத்து வந்த குளிரு இல்லன்னு தொட்டதுமே தெரிஞ்சுச்சு.

இங்க ஒரு டாக்டரம்மா. சின்னப் பிள்ளை, உன் வயசுதான் இருக்கும். நெஞ்சுல வலின்னு கொண்டாந்தா, அது போர்வைய வெலக்கிப் பாதத்தப் பிடிச்சுப் பாக்குது. பாதத்துல நாடி தேடுது. கையில நாடி பிடிப்பாக, பாதத்துலயா பிடிப்பாக? இதுக்குப் படிச்சுட்டு வந்திருக்கான்னே எனக்குச் சந்தேகம். அப்பறம் என்னையக் கூப்புட்டு விசாரிக்குது.

"நடக்கும்போது கால் வலிக்குதுன்னு சொல்லுவாராம்மா?"

"இல்லையே."

"கொஞ்ச தூரம் நடந்துட்டு நிப்பாரா? நின்னுட்டுத் திரும்ப நடப்பாரா?"

நான் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டேன்.

"எவ்வளவு தூரம் நடந்ததும் நிப்பாரு? கரெக்டா வேணாம், ஒரு உத்தேசமாச் சொல்லுங்க."

"வள்ளிமயில் கடை வரைக்கும்"னேன்.

"அடுத்து எங்க நிப்பாரு?"

"வாய்க்கா பாலம்."

"அதுக்கு அடுத்து?"

"பிள்ளையார் கோயில்."

அது ஒரு தாளைக் குடுத்துக் கோடு போட்டுக் காட்டச் சொல்லுது. நான் எங்க கோடு போட? மனசுக்குள்ளயே நடந்து பாத்தேன். எங்க வீட்டுல இருந்து அவ கடை எம்புட்டு தூரமோ, அவ கடையில இருந்து பாலம் அம்புட்டு தூரம். பாலத்துல இருந்து பிள்ளையார் கோயிலும் அம்புட்டுதான். அளந்து வச்ச மாதிரி. முப்பது வருசமா நான் நடக்குற ரோடு தாயி அது.

டாக்டரம்மா சொல்லுது, காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுப் போச்சாம். வருசக்கணக்காக் குடிச்ச பீடியும், ரத்தத்துல இருந்த சக்கரையும் சேந்து பண்ண வேலயாம். நடந்தாக் கெண்டக்காலு கவ்விப் பிடிக்குமாம், நின்னா விட்டுருமாம். அதனாலதான் முடி உதுந்து காலு மினுங்குமாம். ராத்திரி காலத் தொங்கப் போட்டாத்தான் கொஞ்சமாச்சும் ரத்தம் எறங்குமாம். புண்ணு ஆறாதாம். "கால்ல அடைச்சவங்களுக்குப் பெரும்பாலும் நெஞ்சுலயும் அடைச்சிருக்கும்மா. ஒடம்பு பூரா ஒரே குழாய்தானே. கால் ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு, யாரும் கேக்கல"ங்குது.

காலு சொல்லுச்சாம். வாயி என்ன பண்ணுச்சு? அதுதான் என் கேள்வி.

எனக்கு அந்தப் பிள்ளை மேலயே சந்தேகம் வந்துச்சு. நான் உள்ள போறதுக்கு முன்னாடி இந்த வள்ளிமயிலு அதுகிட்ட ஏதோ பேசிக்கிட்டு நின்னா. சொல்லிக் குடுத்திருப்பாளோன்னு தோணுச்சு. முடி, தொங்கப் போட்ட காலு, புண்ணு, நான் சொல்லாததையெல்லாம் டாக்டரம்மா எப்புடி வரிசையாச் சொல்லுது? அதெல்லாம் எங்க வீட்டுக்குள்ள நடந்தது. அப்ப அவளுக்கு எப்புடித் தெரியும்? இப்படி ராத்திரி பூரா இந்தப் பெஞ்சுல உக்காந்து ஒண்ண ஒண்ணோட முடிச்சுப் போட்டுப் பாத்தேன். எந்தப் பக்கம் இழுத்தாலும் முடிச்சு அவகிட்ட போயி நிக்கல. எங்கிட்ட வந்துதான் நிக்குது.

காலையில நேராக் கேட்டுட்டேன். "உங்கிட்ட அவரு என்னடி சொன்னாரு?"ன்னேன்.

"ஒண்ணும் இல்லக்கா. ஒரு நாள் கடை முன்னாடி நிக்க முடியாம கல்லுல உக்காந்தாரு. என்ன அண்ணேன்னு கேட்டேன். காலு கவ்வுதும்மா, செத்த நின்னாச் சரியாயிரும்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணேன்னேன். தைப்பூசம் முடியட்டும், இப்ப தெரிஞ்சா என்னையும் டெம்போவுல ஏத்திருவாய்ங்க, டெம்போ சாமின்னு நான் வச்ச பேரு எனக்கே வந்துரும்னாரு. அக்காகிட்டச் சொல்லிராத, அவ மாலையவே கழட்ட வச்சுருவான்னாரு. அதான் ஸ்டூலப் போடுவேன். வேற ஒண்ணும் பேச மாட்டாருக்கா. முருகான்னு உக்காருவாரு, முருகான்னு எந்திரிப்பாரு."

கேட்டியா? என்கிட்ட சொல்லாதத அவகிட்ட சொல்லிருக்காரு. தாலி கட்டுனவ நான். பிள்ளை பெத்தவ நான். காலு வலிக்குதுங்குற ஒரு வார்த்தைய, மாவு விக்கிறவகிட்ட சொல்றாரு. எனக்கு அதுதான் தாயி தாங்க முடியல. அவரு அவள வச்சிருந்தாருன்னாக்கூட ஒரு பாட்டம் அழுதுட்டு, நாலு பேரக் கூட்டிப் பஞ்சாயத்து வச்சிருப்பேன். இதுக்கு யாரக் கூட்டுறது? எங்கிட்ட சொல்லிருந்தா நான் என்ன கடிச்சாத் தின்னுருக்கப் போறேன்? எப்ப இருந்து, எதனால, யாரு கண்ணு பட்டுச்சு, எங்க போனீகன்னு நாலு கேள்வி கேட்டிருப்பேன். கேக்காம இருக்க முடியுமா?

என்ன சிரிக்கிற? சிரிக்கலையா? சரி.

இந்தா பாரு, முந்தானையில மஞ்சத்துணி முடிச்சு. விடியும்போது காசு வச்சு முடிஞ்சது. சத்தியத்த நான் திரும்ப எடுத்துக்கிட்டேன்னு முருகன்கிட்ட சொல்லிட்டேன். பிழை எம்மேல, கணக்க எங்கிட்ட பாத்துக்க, அந்த மனுசன விட்டுருன்னு சொல்லிட்டேன். அவருகிட்டதான் இன்னும் சொல்லல. முழிச்சாத்தானே சொல்ல? முழிக்காமப் போயிட்டாருன்னா, சத்தியத்தோடயே போயிருவாரே தாயி. நான் "நடங்க"ன்னு சொன்னதுதான் அவரு காதுல கடைசியா விழுந்த வார்த்தையா இருக்கும். அதுக்கு அப்பறம் நான் என்ன கத்துனாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

அதுக்காக எல்லாத்தையும் விட்டுட்டேன்னு நெனச்சுராத. முழிச்சு வரட்டும். அவ என்ன சொன்னாலும், கேக்காம எதுக்கு ஸ்டூலு போட்டா? ஊருல யாரு யாருக்குக் கேக்காம ஸ்டூலு போடுறாக? அத நான் அவரு வாயால...

கதவு தொறக்குது. நர்சம்மா என்னையத்தான் பாக்குது.

என்ன சிஸ்டரு? நான்தான். ஆமா, அவரு சம்சாரந்தான். முழிச்சுட்டாரா? முருகா! பேசுறாரா? என்ன கேக்குறாரு? தண்ணியா? மகனையா? யாரு பேரச் சொன்னாரு? யாரையும் கேக்கலையா?

என்ன? திரும்பச் சொல்லும்மா.

"நின்னுக்கவா"ன்னா?

அதையே திரும்பத் திரும்பக் கேக்குறாரா? இல்லம்மா, ஒளறல. அது... உங்களுக்குப் புரியாதும்மா. எந்திரிச்சு நிக்கணும்னு கேக்கல. எனக்குத் தெரியும். எங்கிட்டதான் கேக்குறாரு. வரேன், இந்தா வரேன்.

தாயி, இந்தப் பையப் பிடி. பிடி, உன்னைய நம்பித்தான் குடுக்குறேன். ஏ வள்ளிமயிலு, அந்தக் காப்பிய ஊத்தி வையி, வந்து குடிக்கிறேன். சீனி கம்மியா. இருடி, எந்திரிக்காத, ஒரு ஆளுதான் உள்ள விடுவாக. நான்தான் போகணும்.

செருப்பக் கழட்டணுமா சிஸ்டரு? இந்தா. எந்தக் கட்டிலு? அந்தக் கடைசியா?

ஏங்க. ஏங்க, நான்தான், ரெத்துனம். நின்னுக்கங்க.